அச்சகத்தில் விழுந்த அடியை வீட்டில் எப்படிச் சொல்வது?

அச்சகத்துக்கும் வீட்டுக்கும் நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் நேரத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. மற்றதெல்லாம் வேறு. வேலையில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்துவந்த வாடிக்கையாளர் விலகிவிட்டார். அவர் தரவேண்டிய பாக்கியும் நிற்கிறது. இயந்திரத்தின் மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறீர்கள், பிறகு அதை நினைத்தே வருந்துகிறீர்கள். 'இப்போது கொஞ்சம் மந்தம்' என்பதற்கு மேல் கணவருக்கு எதுவும் தெரியாது. வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கலாமா என்பது கடைசி வரி. இதையெல்லாம் சேர்த்துப் படித்தால், உங்கள் உண்மையான கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: வீட்டாருக்குத் தெரியாமல் இந்த அடியைத் தனியாகத் தாங்கிக் கடந்துவிட முடியுமா?

முடியாது என்பதே என் பதில். முயல்வதும் நல்லதில்லை. பல ஆண்டுகளாகச் சிறு தொழில் செய்பவர்களின் கணக்குகளைப் பார்த்துவருகிறேன். நொடித்துப்போன தொழில்களையும், நொடித்துப்போகும் என்று எல்லோரும் நினைத்து மீண்டவற்றையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கணக்கு, கடன், வசூல் பற்றி உறுதியாகப் பேசுவேன். குடும்பம், மனநிலை பற்றிச் சொல்வதில் ஒரு பகுதி ஆய்வுகளைப் படித்தது, ஒரு பகுதி கண்ணால் கண்டது. நான் மருத்துவருமில்லை, வழக்கறிஞருமில்லை. கடன் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அதன் எல்லையில் நின்றுகொள்கிறேன்.

முதலில் குடும்பம். 1980-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயம் பெரும் நெருக்கடிக்குள் விழுந்தது. நிலத்தின் மதிப்பு சரிந்தது, கடனை அடைக்க முடியாமல் பல குடும்பங்கள் பண்ணைகளை இழந்தன. ராண்ட் காங்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1989-ல் தொடங்கி அந்தப் பகுதியின் 451 குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பணக்கஷ்டம் பிள்ளைகளை எந்த வழியாகச் சென்று தாக்குகிறது என்பதுதான் அவர்கள் கண்டுகொண்டதில் முக்கியமானது. வருமானம் குறைந்ததும், கட்டவேண்டியதைக் கட்ட முடியாத அன்றாட நெருக்கடி வருகிறது. அந்த நெருக்கடியில் தாய் தந்தையின் மனம் சோர்கிறது. சோர்வு அவர்களுக்கிடையே சண்டையாகவும் விலகலாகவும் மாறுகிறது. அது பிள்ளைகளிடம் கடுமையாக இறங்குகிறது. பிள்ளைகளைப் பெரும்பாலும் தொட்டது, பெற்றோர் வழியாக வந்த இந்தப் பாதிப்புதான். பின்னால் வேறு நாடுகளிலும் வேறு வகைக் குடும்பங்களிலும் இதே வரிசை பலமுறை காணப்பட்டது. ஆகவே இதை உறுதியான செய்திகளின் பக்கம் வைக்கிறேன்.

இதில் உங்களுக்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது. வாடிக்கையாளர் திரும்பி வருவது உங்கள் கையில் இல்லை. உங்களுக்கும் கணவருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது பெருமளவு உங்கள் இருவர் கையில் இருக்கிறது. சங்கிலியில் உடைக்கக்கூடிய கண்ணி அதுதான். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைக்கிறீர்கள். உங்கள் முகம் வாடியிருப்பதும் பேச்சு குறைந்திருப்பதும் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? காரணம் மட்டும்தான் தெரியாது. காரணம் தெரியாதவர் தாமாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார், அது பெரும்பாலும் உண்மையைவிட மோசமாக இருக்கும். நான் பார்த்த வரையில், நஷ்டத்தால் உடைந்த குடும்பங்களைவிட, நஷ்டம் வெகுகாலம் மறைக்கப்பட்டு வேறொருவர் வாயால் தெரியவந்ததில் உடைந்தவை அதிகம். இது என் கண்முன் நடந்தவற்றை வைத்துச் சொல்வது, ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் வெறுங்கையோடு போய்ச் சொல்லாதீர்கள். 'நிலைமை ரொம்ப மோசம்' என்று மட்டும் கேட்பவருக்கு அது எவ்வளவு மோசம் என்று தெரியாது, பயம்தான் மிஞ்சும். சொல்வதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நொடிக்கும் நிலையிலுள்ள தொழில்களைத் தூக்கி நிறுத்துபவர்கள் எங்கும் முதலில் போடுவது 13 வாரப் பணப்புழக்க அட்டவணை. 13 வாரம் என்பது ஒரு காலாண்டு. வாடகை, சம்பளம், தவணை, வரி எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும் அளவுக்கு நீளம், யூகம் காற்றில் பறக்காத அளவுக்குக் குறுக்கம். ஒரு தாளே போதும். மேலே வாரங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் தொடக்கத்தில் கையில் இருக்கும் ரொக்கம், அந்த வாரம் உண்மையிலேயே வரக்கூடிய பணம், கொடுத்தே ஆகவேண்டிய பணம், கடைசியில் மிச்சம். அந்த மிச்சம் அடுத்த வாரத்தின் தொடக்கமாகிறது.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் வரவுதான். பில் போட்ட தேதியில் பணம் வந்ததாக எழுதாதீர்கள். அந்த ஆள் சென்ற மூன்று தடவை எத்தனை நாள் தாமதமாகக் கொடுத்தாரோ, அத்தனை நாள் தள்ளி எழுதுங்கள். விலகிப்போனவரின் பாக்கிக்குப் பூஜ்யம் போடுங்கள். வந்தால் வரட்டும், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். காகிதம், மை, தகடு, பைண்டிங் கூலி போன்றவை வேலை குறைந்தால் தாமாகக் குறையும். வாடகை, தவணை, நிரந்தரச் சம்பளம் குறையாது. பாதி வேலை போனால் பாதிச் செலவு போகாது என்பதை இந்தத் தாள் முகத்துக்கு நேரே காட்டும். லாபக் கணக்கில் நன்றாக இருக்கும் தொழில்கூட ரொக்கம் வற்றினால் நின்றுவிடும், அதனால்தான் முதலில் லாபத்தைப் பார்க்காமல் ரொக்கத்தைப் பார்க்கச் சொல்கிறேன். முடித்துவிட்டுப் பார்த்தால், எந்த வாரத்தில் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்ற இரண்டு எண்கள் கிடைக்கும். பலருக்கு அந்த இரண்டு எண்கள் கைக்கு வந்த இரவே கொஞ்சம் தூக்கம் வருகிறது. எண் நல்லதாக இருப்பதால் அல்ல, அதற்கு ஓர் அளவு கிடைத்துவிட்டதால்.

பள்ளம் விழும் வாரம் தெரிந்ததும், அதற்கு முன்பே செய்யவேண்டிய தொலைபேசி அழைப்புகள் இருக்கின்றன. தவணை தவறிய பின் பேசுபவருக்கும் தவறுவதற்கு முன் பேசுபவருக்கும் கடன் கொடுத்தவர் காட்டும் முகம் வேறுவேறு. 'சில மாதங்களுக்கு வட்டி மட்டும் கட்டுகிறேன், அசலைத் தள்ளிப் போடுங்கள்' என்பது அவர்கள் காதில் அடிக்கடி விழும் கோரிக்கைதான், அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் மதிப்பு அதிகம். காகிதம் கடனுக்குத் தருபவரிடம், முழுத் தொகைக்குப் பொய்க் கெடு சொல்வதைவிட, சிறு தொகைக்கு உண்மையான கெடு சொல்லி அதைக் காப்பாற்றுங்கள். ஊழியர் சம்பளத்தில் பிடித்தம் செய்த பணத்தையும், வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியையும் அவசரத்துக்குக்கூடத் தொடாதீர்கள். அது உங்கள் பணமில்லை. பல நாடுகளில் அதைக் கட்டத் தவறினால் பொறுப்பு நிறுவனத்தோடு நிற்காமல் உரிமையாளர் தலையில் நேரடியாக வந்து விழும்.

விலகிய வாடிக்கையாளர் பற்றி ஒன்று. அவரைத் திரும்பக் கொண்டுவருவது ஒரு வேலை, பாக்கியை வசூலிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே பேச்சில் கலக்காதீர்கள். கலந்தால், திரும்பி வருவார் என்ற நம்பிக்கையில் பாக்கியை அழுத்திக் கேட்க மாட்டீர்கள். மொத்தத் தொகையையும், எந்தெந்த வேலைக்கு என்பதையும், எத்தனை பகுதியாகத் தரமுடியும் என்ற கேள்வியையும் எழுத்தில் அனுப்புங்கள். பதிலில் தொகையை ஒப்புக்கொண்டு ஒரு வரி வந்தாலும் அதைப் பத்திரமாக வையுங்கள், பிறகு சட்டப்படி போக நேர்ந்தால் அது பெரிய ஆதாரம்.

இனி வீட்டை ஈடு வைக்கும் பேச்சு. இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, காரணத்தோடு சொல்கிறேன். 1979-ல் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள், லாபத்தின் பக்கம் நிற்கும்போது மனிதர்கள் பாதுகாப்பைத் தேடுகிறார்கள், நஷ்டத்தின் பக்கம் நிற்கும்போது சூதாடத் துணிகிறார்கள் என்று காட்டினார்கள். நிச்சயமான ஒரு நஷ்டத்தை ஒப்புக்கொள்வதைவிட, அதை முழுதாக அழித்துவிடும் சிறு வாய்ப்புக்காக இன்னும் பெரிய நஷ்டத்தைப் பணயம் வைக்க மனம் இழுக்கும். இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைப் போல இரண்டு மடங்கு என்று அடிக்கடி சொல்வார்கள். அந்த இரண்டு மடங்கு எல்லோருக்கும் எல்லாச் சூழலுக்கும் பொருந்துமா என்பதில் விவாதம் உண்டு. நஷ்டத்தில் இருப்பவர் துணிந்து பணயம் வைப்பார் என்ற போக்கு மட்டும் நன்றாக நிலைத்து நிற்கிறது. நீங்கள் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். வீட்டை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுவது உங்கள் கணக்கு சொல்வதா, வலி சொல்வதா என்று பிரித்துப் பார்க்க முடியாத நேரம் இது.

அதனால் ஒரே சோதனை வையுங்கள். அந்தக் கடன் எந்த வரவைக் கொண்டு, எந்த மாதத்தில் அடைபடும் என்று ஒரு வரியில் எழுத முடிகிறதா? ஆர்டர் கையில் இருக்கிறது, பணம் வரச் சில மாதம் ஆகும், அந்த இடைவெளிக்குக் காகிதம் வாங்கவேண்டும் என்றால் அது பாலம். மாதாமாதம் விழும் துண்டை நிரப்பத்தான் என்றால், கடன் வாங்கிய பணம் தீரும்போது துண்டு அப்படியே இருக்கும், வீடு மட்டும் கூடுதலாகச் சிக்கியிருக்கும். இரண்டாவதற்கு வீட்டைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதலாவதற்கும், வீட்டில் வாழ்பவர் அனைவருக்கும் தெரிந்து, எவ்வளவு வரை என்று முன்கூட்டியே எழுதி வைத்த பிறகுதான். தொழில் எதுவரை வீட்டுக்குள் கை நீட்டலாம் என்ற எல்லையை உங்களால் தனியாகப் போட முடியாது. அது இருவரும் சேர்ந்து போடவேண்டியது. கணவரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்பதற்கு இதைவிடக் கறாரான காரணம் எனக்குத் தெரியவில்லை. ஈட்டுப் பத்திரமோ ஜாமீனோ, கையெழுத்திடும் முன் உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞர் அதை ஒருமுறை படிக்கட்டும்.

சொல்லும்போது இரவு பதினோரு மணிக்குப் படுக்கையில் தொடங்காதீர்கள். இருவரும் களைத்திராத ஒரு வேளையில், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது, அட்டவணைத் தாளை நடுவில் வைத்துப் பேசுங்கள். என்ன நடந்தது, எதுவும் மாறாவிட்டால் எந்த வாரத்தில் பணம் தீரும், நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன், எனக்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்ற நான்கையும் சொல்லுங்கள். 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை' என்று அவர் கோபப்படலாம், அது நியாயமான கோபம். பதில் வாதம் செய்யாமல் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றே எல்லாம் தீர வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை அரைமணி நேரம் இதே தாளோடு உட்காருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரைமணிக்கு வெளியே வீட்டில் அச்சகத்தின் பேச்சு வேண்டாம். மறைப்பதும் இல்லை, எந்நேரமும் அதே புலம்பலும் இல்லை என்ற நிலை அப்போதுதான் வரும்.

'எனக்கு என்ன வேண்டும்' என்ற இடத்தில் தயங்காதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஊதியமில்லாத வீட்டுப் பராமரிப்பு வேலையின் மொத்த நேரத்தில் 76.2 சதவீதத்தை உலகெங்கும் பெண்கள்தான் செய்கிறார்கள். நேரத்தைப் பிரிக்க முடியவில்லை என்று நீங்கள் எழுதியபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. பிரிக்கத் தெரியாததில்லை உங்கள் சிக்கல், பிரிக்கவே முடியாத அளவுக்கு இரண்டு முழு வேலைகள் ஒரே ஆள்மேல் இருக்கின்றன. கால அட்டவணை போட்டுப் பார்ப்பதால் இது தீராது. 'கொஞ்சம் உதவுங்கள்' என்று கேட்டால், எதை எப்போது செய்வது என்று நினைவில் வைத்திருக்கும் பாரம் உங்களிடமே தங்கிவிடும். ஒன்றிரண்டு வேலைகளை முழுதாகக் கைமாற்றுங்கள். பிள்ளைகளின் பள்ளி விஷயங்கள் என்றால், அறிவிப்பைப் படிப்பது முதல் கட்டணக் கெடு வரை அவரிடம். அவர் செய்யும் விதம் உங்கள் விதமாக இல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளிடம் தொகையெல்லாம் சொல்ல வேண்டாம். ஆனால் அம்மாவின் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு அவர்களுக்கு ஒரு பதில் தேவை. இல்லையென்றால் சிறு பிள்ளைகள் தங்கள்மேல்தான் பிழை என்று எடுத்துக்கொள்வார்கள். 'அச்சகத்தில் வேலை குறைந்திருக்கிறது, அதனால் அம்மாவுக்குக் கவலை, உங்களால் இல்லை, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம்' என்ற அளவு போதும். எரிந்து விழுந்த நாளில் பிறகு போய் மன்னிப்புக் கேட்பது நல்லது. மூத்த பிள்ளையைக் கவலை பகிரும் தோழியாக்கிக்கொள்வது மட்டும் வேண்டாம்.

மூன்று மணி விழிப்பு. இதில் சொல்லக்கூடியவை அவ்வளவு உறுதியானவை அல்ல. மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 2018-ல் 57 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், இனிச் செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். ஆய்வு சிறியது, அதில் இருந்தவர்கள் கடன் சுமந்தவர்களும் இல்லை. ஆனாலும் செலவில்லாத காரியம், கெடுதலும் இல்லை, செய்து பாருங்கள். இதைவிடக் கனமானது இன்னொன்று. 2013-ல் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானோர் வெளியிட்ட ஆய்வில், தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகள் 464 பேர் அறுவடைக்கு முந்தைய பணமுடையின்போதும் அறுவடைப் பணம் வந்த பின்னும் சிந்தனைத் தேர்வுகள் எழுதினார்கள். அதே ஆட்கள் பணமுடையில் மோசமாகச் செய்தார்கள். பாதிப்பின் அளவு பற்றிப் பின்னால் கேள்விகள் எழுந்தன. முடைக் காலத்தில் மனத்தின் ஒரு பகுதியைப் பணமே பிடித்துக்கொள்கிறது என்பது நான் எதிரே உட்கார்ந்து பார்த்ததோடு ஒத்துப்போகிறது. ஆகவே ரொக்கம் மிகவும் இறுகும் வாரத்தில் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டுமானால், அந்தப் பணத்தில் லாப நட்டம் இல்லாத ஒருவர் கணக்கைச் சரிபார்க்கட்டும்.

எப்போதும் நம்பிக்கையோடு இருங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். சொந்தத் தொழிலின் தோல்வியை ஒரு துக்கமாகவே பார்க்கவேண்டும் என்று டீன் ஷெப்பர்ட் என்ற மேலாண்மைப் பேராசிரியர் 2003-ல் எழுதினார். இழப்பை நேராகப் பார்த்து வருந்துவதற்கும், அதை ஒதுக்கிவைத்து அடுத்த வேலையைக் கவனிப்பதற்கும் நடுவே மாறிமாறிப் போய்வருவதுதான் மீள்வதற்கு ஏற்றது என்பது அவர் கருத்து. ஒன்றிலேயே தங்கினால் மனம் அதிலேயே சுழலும், மற்றதிலேயே ஓடினால் பாடம் மனதில் ஏறாது. இது நன்கு யோசித்த கருத்து, முடிவான சட்டமில்லை. ஆனால் அழுத மறுநாள் ஆர்டர் தேடிப் போனதற்காகவோ, ஆர்டர் கிடைத்த அன்று அழுகை வந்ததற்காகவோ நீங்கள் குழம்ப வேண்டாம் என்று சொல்ல அது எனக்கு உதவுகிறது.

ஓர் எல்லைக்கோடு மட்டும். சோர்வும் எதிலும் விருப்பமின்மையும் ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே கணவரிடமோ மருத்துவரிடமோ உதவித் தொலைபேசியிலோ வாய்விட்டுச் சொல்லுங்கள். கடன் எவ்வளவு பெரியதானாலும் அதைப் பேசித் தீர்க்க வழிகள் உண்டு.

மூடிவிடலாமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே அது தெரிகிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரங்களின்படி அங்கே புதிதாகத் தொடங்கும் தொழிலகங்களில் ஏறக்குறைய பாதிதான் ஐந்தாம் ஆண்டைத் தாண்டுகின்றன. மூடுவது அபூர்வமும் இல்லை, அவமானமும் இல்லை. இப்போது முடிவெடுக்கத் தேவையும் இல்லை. 13 வாரத்தில், விலகியவர் தந்த வேலையில் எவ்வளவை வேறு நான்கைந்து பேரிடமிருந்து ஈடுகட்ட முடிகிறது என்று பாருங்கள். எந்த வாடிக்கையாளரும் மொத்த வேலையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்வது நான் எல்லோருக்கும் சொல்லும் அளவு, அனுபவத்தில் வந்தது. இதற்கிடையில் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு கணக்கு கேட்டு வாங்கி வையுங்கள்: இன்றைக்கே நிறுத்தினால் இயந்திரத்தை விற்று, கடனை அடைத்து, ஊழியர்களுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்த பின் மிஞ்சுவது எவ்வளவு? மாதம் ஒருமுறை அந்த எண்ணைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அது பூஜ்யத்தை நெருங்கும் மாதம் வரும்முன் முடிவெடுத்தால், எல்லோருக்கும் கொடுக்கவேண்டியதைக் கொடுத்து, வீட்டைத் தொடாமல் வெளியே வரமுடியும்.